குழாய்க்குள் ஒரு பாலைவனப் பனை

பாலைவனத்துப் பனை ஒன்றை விதையிலிருந்து வளர்க்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஆளாளுக்குப் புத்திமதி வரும். தண்ணீர் ஊற்றாதே, கல்லும் மணலும் போட்டு வை, வெயிலில் காயவிடு, அப்படியே மறந்துவிடு, தானாக வளரும். இதில் வெயிலும் மணலும்தான் சரி. மற்றதெல்லாம் கள்ளிச்செடிக்குச் சொல்ல வேண்டியது. எங்கள் வளவில் நிற்கிற ஆர்குன் பனைக் கன்றுகள் ஆடி மாதத்தில் குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் வாழைக்கே வெட்கம் வரும்.

மரம் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்குன் பனை, தாவரவியல் பெயர் மெடேமியா ஆர்குன். சூடானின் வடக்கிலும் எகிப்தின் தெற்கிலும், நூபியப் பாலைவனப் பக்கம் சில வறண்ட ஆற்றுப் படுகைகளிலும் ஒன்றிரண்டு சோலைகளிலும் மட்டும் இயற்கையாக நிற்கிறது. (தலைமுடிக்கு வைக்கிற மொரோக்கோ ஆர்கன் எண்ணெய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேட்டுவிட்டார்கள், அதனால் சொல்கிறேன்.) நீலமும் பச்சையும் கலந்த மெழுகு பூசிய விசிறி ஓலை, முள்ளு வைத்த மட்டை, கிளைக்காத ஒற்றைத் தண்டு. வளர்ந்தால் முப்பது அடி வரை போகும்.

இந்தப் பனையை விஞ்ஞானிகள் முதலில் சந்தித்தது உயிரோடு அல்ல, கல்லறைக்குள். பழைய எகிப்தியர்கள் இறந்தவர்களுடன் வைத்த படையல்களில் இதன் காய்கள் கிடந்தன. ஐந்தாம் அரச வம்சக் காலத்திலிருந்தே, அதாவது ஏறத்தாழ 4500 வருடங்களாக. பசலாக்குவா என்ற இத்தாலியர் எகிப்தில் சேர்த்த பழம்பொருள்களுக்குள் இருந்த காய்களைப் பார்த்து, குந்த் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் 1826இல் அதற்கு ஒரு பெயர் வைத்தார். வைத்த பெயர் என்ன தெரியுமா? அரிக்கா பசலாக்குவே. அரிக்கா என்றால் நம்முடைய கமுகின் இனம்! கொட்டையைக் குறுக்கே வெட்டினால் பாக்கை வெட்டியது போலவே வெள்ளைக்குள் மண்ணிறக் கோடுகள் ஓடுகின்றன. மரத்தைப் பார்க்காமல் கொட்டையை மட்டும் பார்த்தால் யாரும் கமுகு என்றுதான் நினைப்பார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு அதே நூற்றாண்டிலேயே சூடான் பாலைவனத்தில் உயிருள்ள மரங்களைக் கண்டார்கள். 1845இல் மார்ட்டியுஸ் அதை ஆப்பிரிக்காவின் டூம் பனையின் இனத்தில் சேர்த்து எழுதினார், 1881இல் வெண்ட்லாண்ட் அதற்கென்று மெடேமியா என்ற தனி இனம் கொடுத்தார். எகிப்துக்குள் இந்த மரம் இன்னும் இருக்கிறது என்பதே 1963இல்தான் உறுதியானது, அஸ்வானுக்குத் தென்மேற்கே மனிதர் குடியில்லாத டுங்குல் சோலையில். சூடானிலும் நீண்ட காலம் ஒரு செய்தியும் இல்லாமல், மரம் அழிந்துபோயிற்று என்று பேசத் தொடங்கிய பிறகு, 1995இல் மார்ட்டின் கிப்பன்ஸ், தோபியாஸ் ஸ்பானர் என்ற இரண்டு பனைப் பிரியர்கள் போய்த் தேடிக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு உலகத்தில் பலபேர் வீட்டில் இந்தக் கன்று நிற்பதற்கு அந்தப் பயணம்தான் ஆரம்பம்.

எனக்கு இதில் பிடித்த ஆள் வேறொருவர். இனேனி. முதலாம் துட்மோஸ் மன்னனின் காலத்தில், இன்றைக்குச் சுமார் 3500 வருடங்களுக்கு முன், தீப்ஸ் நகரில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், அரச கல்லறை கட்டும் வேலையை மேற்பார்த்தவர். தன்னுடைய கல்லறைச் சுவரில் தன் வீட்டுத் தோட்டத்தில் என்னென்ன மரம் எத்தனை என்று பட்டியலே எழுதிவைத்துவிட்டார். பேரீச்சை 170, டூம் பனை 120, அத்தி, மாதுளை, முந்திரிகைக் கொடி, முருங்கைகூட இரண்டு (நம் முருங்கை அல்ல, அதன் அரபுப் பக்கத்து உறவு). அந்தப் பெரிய பட்டியலில் ஆர்குன் பனை எத்தனை? ஒன்றே ஒன்று. மன்னனுக்கு அடுத்தபடியாக வாழ்ந்த மனிதருக்கே ஒன்றுதான் கிடைத்தது. அது அந்தக் காலத்திலும் அரிய மரம்தான் என்று இதை வைத்துச் சொல்லலாம். வெளி மரத்துக்கு ஆசைப்பட்டு வீட்டில் திட்டு வாங்குகிற வழக்கமும் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன், அதற்குச் சுவரில் ஆதாரம் இல்லை.

சரி, இவ்வளவு தூரத்து மரம் திருகோணமலையில் என்ன செய்கிறது? நான் இதில் இறங்கியதற்குக் காரணம் கல்லறைக் கதை மட்டும் இல்லை. இது நம்முடைய பனையின் நெருங்கிய சொந்தம். பனைக் குடும்பம் மிகப் பெரிது, தென்னை, கமுகு, ஈச்சு, தாளிப்பனை எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் அதற்குள் பொராசே என்று ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. அதில் நம் பனை, ஆப்பிரிக்காவில் கிளை விட்டு வளர்கிற டூம் பனை, பெரிய ஹோட்டல் வாசல்களில் வெள்ளியும் நீலமுமாக நிற்கிற மடகாஸ்கர் பிஸ்மார்க்கியா, பேராதனைப் பூங்காவில் எல்லோரும் நின்று படம் எடுக்கிற சீஷெல்ஸ் இரட்டைத் தேங்காய், அப்புறம் இந்த ஆர்குன். உலகத்திலேயே பெரிய விதையும் இந்தப் பிரிவில்தான். இவை எல்லாவற்றுக்கும் முளைக்கிற விதம் ஒன்றுதான், அந்த விதம் நமக்குத் தெரியும். பனங்கிழங்குக்குப் பாத்தி போட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

சாம்பல்தீவில் அப்பம்மாவின் வளவில் ஒவ்வொரு வருடமும் பாத்தி போடுவார்கள். மண்ணை உயர்த்திக் கட்டி, மேலே பனங்கொட்டையை நெருக்கமாக அடுக்கி, கொஞ்சம் மண் தூவிவிட்டால் மாரி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். கொட்டையிலிருந்து வெளியே வருகிற முளை மேலே வராது, நேரே கீழே இறங்கும். அந்த முளை உண்மையில் ஒரு குழாய் மாதிரி. செடியாகப் போகிற கரு அதன் நுனியில் உட்கார்ந்துகொண்டு ஆழத்துக்குப் போகிறது. போதுமான ஆழம் போன பிறகுதான் அங்கே வேர் விட்டு, அங்கிருந்து முதல் ஓலை மேல்நோக்கிக் கிளம்பும். நாம் தோண்டிச் சாப்பிடுகிற கிழங்கு அந்த முளையில் மாவு சேர்ந்து பருத்தது. பாத்தியை உயர்த்திக் கட்டுவது எதற்கு? முளை இறங்க இளகின மண் வேண்டும், கிழங்கு நீளமாக, நேராக வரவேண்டும், இழுத்தால் வரவேண்டும். கொட்டைக்குள்ளே மிச்சம் இருக்கிற இனிப்பான பூரானுக்காக நாங்கள் சண்டை பிடித்தது வேறு கதை.

ஆர்குனும் இதையேதான் செய்கிறது. பாலைவனத்தில் இந்தப் பழக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். மேல்மண் அடுப்புக் கல் மாதிரிச் சுடுகிறது, மழை எப்போதோ ஒருமுறை, ஆனால் வறண்ட ஆற்றுப் படுகையின் அடியில் ஈரம் இருக்கிறது. கருவை முதலிலேயே ஆழத்துக்கு அனுப்பிவிட்டால் வெயிலும் படாது, ஆடும் ஒட்டகமும் கடித்தாலும் உயிர் போகாது, வேர் ஈரத்துக்குப் பக்கத்திலேயே பிறக்கிறது. ஆக இது தண்ணீர் இல்லாமல் வாழ்கிற மரம் இல்லை, தண்ணீர் இருக்கிற இடத்துக்குத் தானே இறங்கிப் போகிற மரம். தலை நெருப்பில், கால் தண்ணீரில். தண்ணீர் ஊற்றாதே என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது, கேட்கிற பொறுமை அவர்களுக்கு இருந்தால்.

இனி வேலைக்கு வருவோம். விதை பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து விதையைச் சும்மா பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கட்டுநாயக்காவில் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது, முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். பனைக் குடும்பத்து விதை என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் ஒரு நோய் உள்ளே வந்தால் அடிபடப் போவது தென்னை. தெற்கே வெலிகமைப் பக்கம் தென்னை ஓலை வாடல் நோய் செய்கிற வேலையைப் பார்த்தவர்கள் இந்தக் கெடுபிடியைக் குறை சொல்லமாட்டார்கள். என்னுடைய விதைகள் இந்த நடைமுறையெல்லாம் பார்த்து எடுத்த ஒரு நண்பரிடமிருந்து வந்தவை. அவர் கொழும்பில் மாடிவீட்டில் இருக்கிறார், நட நிலம் இல்லை, ஆசை மட்டும் நிறைய.

விதை பெரிய கொட்டைப்பாக்கு அளவு, நல்ல கட்டி. சில நாள் தண்ணீரில் ஊறவைத்தேன், தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாற்றம் எடுக்கும். பிறகு கழுவி உப்புப் போன தும்புத்தூளைப் பிழிந்து, கை ஈரமாகிற அளவுக்கு மட்டும் ஈரத்தோடு, பொலித்தீன் பைக்குள் விதைகளோடு சேர்த்துக் கட்டி, சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழே தொங்கவிட்டேன். இந்த விதைக்கு நல்ல சூடு வேண்டும், 30 பாகைக்கு மேல், 35 என்றாலும் சந்தோஷம். குளிர் நாட்டுக்காரர்கள் இதற்காக மின்சாரச் சூட்டுப் பெட்டி வாங்குகிறார்கள், பாவம். நமக்குச் சித்திரை மாதத்துத் தகரக் கூரை போதும்.

முளை எட்டிப் பார்த்தால், வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தால், அன்றைக்கே இடம் மாற்ற வேண்டும். விரல் நீளம் வரட்டும் என்று காத்திருந்தால் பைக்குள் சுருண்டுவிடும், நுனி ஒடிந்தால் கதை முடிந்தது, கரு அந்த நுனியில்தான் இருக்கிறது. சாதாரணப் பூச்சாடி இதற்கு உதவாது. சாடியின் அடியில் முட்டி முளை வளைந்து, அதற்கு மேல் அந்தச் செடி நொண்டிதான். நல்லது என்றால் நேரே நிலத்தில் போடலாம், பாத்தி மாதிரி. ஆனால் எங்கள் வளவில் மாரியில் தண்ணீர் நிற்கிற இடம் எது, நிற்காத இடம் எது என்று சொல்வதே கஷ்டம், அதோடு கன்றைப் பிறகு தோண்டி எடுத்து மாற்றுவது நடக்காத காரியம். அதனால் எஸ்லோன் (பிவிசி) குழாய்.

ஆறு அங்குலக் குழாய், மூன்று அடித் துண்டுகள். ஹார்ட்வெயார் கடைக்காரர் ‘கழிவுக் குழாயா அக்கா’ என்று கேட்டார், பனை நட என்றேன், அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மறுபடி சேர்த்து வைத்துக் கம்பியால் மூன்று இடத்தில் கட்டினோம். நடும் நாளில் கம்பியை வெட்டினால் குழாய் இரண்டு பாதியாகக் கழன்றுவிடும், வேரை இழுக்கவே தேவையில்லை. அடியில் நிழல்வலைத் துண்டு ஒன்றை மடித்துக் கட்டினால் மண் கொட்டாது, தண்ணீர் போகும். இந்த யோசனை என் வீட்டுக்காரருடையது. இவருக்குப் பனையில் நம்பிக்கை கிடையாது, ஆனால் குழாய் வேலை என்றால் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மண்ணுக்குப் பெரிய இரகசியம் இல்லை. பாதிக்கு மேல் ஆற்று மணல், அதோடு செம்மண், உடைத்த அடுப்புக்கரி, மேல்பகுதியில் மட்டும் மக்கின மாட்டெரு கொஞ்சம். கடற்கரை மணலை அள்ளிப் போட வேண்டாம். தும்புத்தூளும் வேண்டாம், முளைக்க வைக்கத்தான் அது நல்லது, மூன்று அடிக் குழாய்க்குள் போட்டால் அடியில் சேறாகிப் பிடித்துக்கொள்ளும். நிரப்பும்போது தண்ணீர் ஊற்றி ஊற்றி நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பிறகு மண் அரை அடி இறங்கிவிடும், விதை குழிக்குள் போய்விடும். விதையை மேலேயே, பாதி வெளியே தெரிகிற மாதிரி, முளை கீழே பார்க்க வைத்தால் போதும்.

இதற்குப் பிறகு வருவதுதான் பலபேருக்குத் தாங்காத கட்டம். ஒன்றுமே நடக்காது. வாரங்கள் போகும், விதை அப்படியே கிடக்கும், மேலே ஒரு பச்சை தெரியாது. உள்ளே முளை இறங்கிக்கொண்டிருக்கிறது. தோண்டிப் பார்க்கலாமா என்று இவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பார். பனங்கொட்டை போட்டுவிட்டு யாராவது தோண்டிப் பார்த்ததுண்டா? ஆனால் வெளிநாட்டு விதை என்றதும் நமக்குக் கை அரிக்கிறது. அதுவும் விலை கொடுத்து வாங்கியது என்றால் சொல்லவே வேண்டாம். எல்லாமே வந்துவிடவில்லை, சில விதைகள் உள்ளே அழுகிப் போயின, அது எந்த விதையிலும் நடக்கிறதுதான். வந்தவை ஒரு நாள் விதைக்குப் பக்கத்தில் ஈட்டி மாதிரி ஒரு பச்சை முனையை நீட்டிக்கொண்டு வந்தன.

முதல் ஓலைகளில் விசிறியைத் தேட வேண்டாம். வடலிப் பருவத்துக்கு முந்திய பனங்கன்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெறும் நீட்டுப் பட்டை, புல்லு மாதிரி. பக்கத்து வளவு மாமி அதைப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, இதுக்கோ இவ்வளவு பாடு? எங்கட வேலிக்கரையில சும்மா முளைச்சு நிக்குதே” என்றா. நான் எகிப்து, கல்லறை, 4500 வருடம் என்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப கிழங்கு வருமோ?” என்றா. எனக்குப் பதில் இல்லை, தோண்டிப் பார்க்கவும் மனசு வராது. ஆனால் மாமியின் பேச்சில் ஒரு நன்மை கிடைத்தது. வேலிக்கரைப் பனங்கன்றுக்கும் குழாய்க் கன்றுக்கும் அவ தினமும் ஒப்பிட்டுப் பார்த்து எனக்கு அறிக்கை தருகிறா. மூன்றாம் நான்காம் ஓலையில்தான் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது: பனையின் ஓலை பளிச்சென்ற பச்சை, ஆர்குன் ஓலையில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு நீலம், விரலால் தேய்த்தால் அந்த மெழுகு போய்ப் பச்சை தெரியும். தேய்க்க வேண்டாம் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீர். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் வளவில் கருவேப்பிலைகூடத் தலை தொங்கிவிடும். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறும் சூடாக இந்தப் பக்கம் இறங்குகிற காற்று அது, துணி பத்து நிமிடத்தில் காயும். அந்தக் காலத்தில்தான் ஆர்குன் சந்தோஷமாக இருக்கிறது. புது ஓலை வருகிற வேகமே வேறு. ஆனால் காலையும் மாலையும் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு செம்பு இறங்கும், அடியில் வலையிலிருந்து ஒழுகுகிற வரைக்கும். மேலே நனைத்துவிட்டு வந்தால் பிரயோசனமில்லை, வேர் இருப்பது அடியில். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கோடையில் கொஞ்சம் உவர்க்கும், கன்றுகள் இதுவரை அதற்காக முகம் சுளிக்கவில்லை.

பயம் கோடையில் இல்லை, மாரியில். திருகோணமலைக்கு வருடத்தில் 1500 மில்லிமீற்றருக்கு மேல் மழை, அதில் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்கும் கொட்டித் தீர்க்கும். வாடைக்காற்று, வெயில் இல்லாத நாட்கள், குளிர்ந்த மண், நடுக்குருத்துக்குள் இரவும் பகலும் தண்ணீர். வருடக்கணக்கில் மழை காணாத இடத்து மரத்துக்கு இது எப்படி இருக்கும்? முதல் மாரியில் ஒரு கன்றின் குருத்து அழுகிக் கையோடு வந்தது, பிடித்து இழுத்த இடத்தில் புளித்த வாசம். தென்னங்கன்றில் வருகிற அதே குருத்தழுகல் மாதிரிதான். செம்பு கலந்த பூஞ்சாண மருந்து ஊற்றலாம், நானும் ஊற்றினேன், ஆனால் மருந்தைவிடக் கூரை நல்லது. இப்போது ஐப்பசி பிறந்ததும் குழாய்களுக்கு மேலே கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடுகிற பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சரிவாகக் கட்டிவிடுகிறேன். பக்கங்கள் திறந்தே இருக்கும், காற்று ஓட வேண்டும். அந்த மாதங்களில் தண்ணீர் ஊற்றுவதும் நிறுத்தம், அடிமண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம். தை பிறந்து வெயில் வந்ததும் தகட்டைக் கழற்றிவிடுவேன். ஆக, பாலைவன மரத்துக்குக் குடை பிடிக்கிற வேலையும் எனக்குத்தான்.

அடுத்தது மான். திருகோணமலைக்கு வெளியில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. எங்கள் நகரத்துக்குள் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிகின்றன, பிறெட்றிக் கோட்டைக்குள், கடற்கரையில், பஸ் நிலையத்துப் பக்கம், குப்பைத்தொட்டியைச் சுற்றி. கோணேசரைக் கும்பிட வருகிறவர்கள் வாழைப்பழம் கொடுத்துப் படம் எடுப்பார்கள். அதெல்லாம் அழகுதான், வளவின் படலை திறந்து கிடக்கிற இரவு வரைக்கும். ஒரு விடியற்காலையில் பார்த்தால் இரண்டு குழாயில் ஓலை அடியோடு கத்தரித்த மாதிரி இல்லை. ரோசாவையும் விடவில்லை, ஆனால் ரோசா பற்றி அன்றைக்கு யார் கவலைப்பட்டது!

அந்த இரண்டும் திரும்பித் துளிர்த்துவிட்டன. வளர்கிற முனை மண்ணுக்குள் ஆழத்தில் இருப்பதால் மான் சாப்பிட்டது வெறும் இலையைத்தான். சூடானில் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் எதிராக அந்த மரம் பழகின வித்தை இங்கே மானுக்கு எதிராகவும் உதவிற்று. பிறகு வந்த ஓலை கொஞ்சம் மெலிவு, அதற்கடுத்தது சரியாக வந்தது. தென்னங்கன்று என்றால் இப்படித் தப்பியிருக்குமோ தெரியாது.

வண்டுகளைப் பற்றியும் கேட்பார்கள். தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் இந்தப் பக்கம் இல்லாமல் இல்லை, ஆனால் கன்றுகள் இன்னும் அவை தேடுகிற பருமனுக்கு வரவில்லை. தண்டு வைக்கிற காலத்தில் பார்த்துக்கொள்வோம். மாட்டெருவைக் குவித்து வைக்காமல் இருந்தால் காண்டாமிருக வண்டுக்கு முட்டையிட இடம் குறையும், அதை இப்போதே செய்யலாம்.

எனக்கு இருக்கிற பெரிய கணக்கு வேறு. பனையில் ஆண் பனை பெண் பனை இருப்பது மாதிரி ஆர்குனிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கிற வரைக்கும் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. இனேனியின் தோட்டத்தில் நின்ற ஒற்றை மரத்தை நினைத்தால் அந்த மனிதர் மேல் ஒரு இரக்கம் வருகிறது. அது ஆணாக இருந்தால் காயே இல்லை. பெண்ணாக இருந்தாலும் பக்கத்தில் எங்காவது ஆண் மரம் இருந்திருக்க வேண்டும். கல்லறைப் படையலில் காய் வைத்தவர்கள் அதை எங்கிருந்து எடுத்தார்கள், நூபியாவிலிருந்து வந்ததா, உள்ளூரில் பறித்ததா, அந்தக் கேள்வியும் இதோடு சேர்ந்து வரும். டுங்குல் சோலை மாதிரி ஒரு சில மரம் மட்டும் மிஞ்சின இடங்களில் இது கதை அல்ல, உயிர்ப் பிரச்சினை. அதோடு அந்தப் பக்கத்து மக்கள் பாய்க்கும் கயிற்றுக்கும் இதன் ஓலையைத்தான் விரும்பி வெட்டுவார்கள், டூம் ஓலையைவிட நார் நல்லதாம். பனையோலையில் இழைத்துப் பழகின கைகளுக்கு அந்த ஆசை விளங்கும், ஆனால் குருத்தோலையை வெட்ட வெட்ட மரம் பூப்பது எப்போது?

அதனால் நான் எல்லாக் கன்றையும் ஒரே வளவில் வைத்திருக்கப் போவதில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஊருக்கு அனுப்பிவிடவும் மாட்டேன். கேட்டவர்கள் பலர், ஒரு கன்று தாங்கோ அக்கா, வாசலில் அழகுக்கு வைக்க என்று. அழகுக்கு வேண்டுமென்றால் பிஸ்மார்க்கியா வாங்குங்கள், செடிக்கடையில் கிடைக்கிறது, சீக்கிரம் வளரும், பார்க்கவும் இதைவிட ஆடம்பரம். ஆர்குன் தனியாக நின்றால் ஒரு நாளும் விதை தராது. கூட்டமாக நட்டால்தான் என்றைக்காவது இந்தத் தீவுக்கென்று விதை கிடைக்கும். வீட்டு வளவில் ஒன்றிரண்டு, மற்றதெல்லாம் குச்சவெளியில் தம்பியின் காணியில் பக்கம் பக்கமாக.

அந்தக் காணி நல்ல இடம். மணல் மண், தண்ணீர் நிற்காது, கொஞ்சம் தோண்டினால் ஈரம், சுற்றிவரப் பழைய பனைகள் நிற்கின்றன, அவை நிற்கிற இடத்தில் இதுவும் நிற்கும் என்பது என் நம்பிக்கை. குழி மூன்றரை அடி ஆழம், அலவாங்கு போட்டு அடிமண்ணையும் இளக்க வேண்டும், குழாயை அப்படியே இறக்கி, கம்பியை வெட்டி, இரண்டு பாதியையும் மெல்ல மேலே உருவி எடுத்துவிட்டு மண்ணை நிரப்பினால் வேருக்குத் தெரியாமலே வேலை முடியும். நடுகிற காலம் மாசி கடைசி அல்லது பங்குனி: மாரி ஈரம் நிலத்தின் அடியில் இன்னும் இருக்கும், வெயில் ஏறிக்கொண்டிருக்கும், அடுத்த மாரிக்கு முன் வேர் பிடிக்க ஒரு முழுக் கோடை கிடைக்கும். பலபேர் மழைக்கு முன்னால் நடச் சொல்வார்கள், தென்னைக்கும் மாவுக்கும் அது சரி, இதற்குச் சரிவராது.

தம்பியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் சிரித்தான். “அக்கா, பனை வேணுமெண்டா இஞ்ச வந்து எண்ணிக்கொண்டு போங்கோ, ஏன் எகிப்தில இருந்து?” என்றான். பிறகு குழி வெட்ட ஆள் பிடித்துத் தருகிறேன் என்றான், கூலி என்னுடையது. பக்கத்துக் காணியில் ஆடு வளர்க்கிறார்கள், கட்டிப் போடச் சொல்கிறேன் என்றும் வாக்குக் கொடுத்திருக்கிறான். வலை நான் வாங்கிக்கொண்டுதான் போகிறேன்.